முந்நூற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் தரம்பிரிக்கிற வேலை எனக்கு.
புகைக்கூடத்திலிருந்து வருகிற ஒவ்வொன்றையும்
சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பேன்.
குமிழி, மண், பூஞ்சை, பட்டைத் துணுக்கு.
நாலா அஞ்சா என்று சாக்பீஸால் போடுவேன்.
பொய் சொல்ல முடியாத வேலை.
சொன்னாலும் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் கண்ணோடுதான்
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஒரு சாயாக்கடையில்
ஆல்பினுக்காகக் காத்திருந்தேன்.
மடியில் இசைத்தட்டு.
இரட்டை ஆல்பத்தின் பாதி.

பேப்பர் ஆங்கர்ஸ் என்று ஒரு ராக் குழு.
ஏதோ குளிர்த் துறைமுகத்தில் நாலு பேர்,
சொந்த ஊருக்கே பிடிக்காத சத்தம்.
முந்நூறு பிரதிதான் அச்சடித்தார்கள்,
பாசிப்பச்சை வினைலில்.
எங்களுடையது இருநூற்றுப் பன்னிரண்டு.
உறையின் மூலையில் டிரம்மரின் கையெழுத்து,
ஈரமணலில் நண்டு போனது போல.

சேர்ந்து வாங்கினோம்.
அவனுடைய ஒரு மாதச் சம்பளம், என் சீட்டுப் பணம்.
சுங்கவரிக்கு என் கம்மல் அடகுக்குப் போனது.
பிரிந்தபோது
பிரிக்கப் பாத்திரமோ கட்டிலோ இல்லை,
கல்யாணம்வரை போகவில்லை நாங்கள்.
இது மட்டும் இருந்தது.
முதல் தட்டு அவனுக்கு, இரண்டாம் தட்டு எனக்கு.
உறையை அவன் எடுத்துக்கொண்டான்,
பாட்டுவரி அச்சிட்ட தாளை நான்.
நியாயமாகத்தான் பிரித்தோம்.
யாரும் கைதட்டவில்லை.

நாலு வருசம்
தொடக்கமில்லாமல் நான் கேட்டேன்,
முடிவில்லாமல் அவன்.

இப்போது எர்ணாகுளத்தில் ஒருவர் கேட்கிறாராம்.
முழுசாக என்றால் எழுபதாயிரம்,
பாதிக்குப் பழைய தகர விலை.

வந்தான். ஹெல்மெட் போட்டும் தலை நனைந்திருந்தது.
"சுகமா பிள்ளே?"
"சுகந்தான்."
இரண்டு கட்டன், ஒரு பழம்பொரி.
பழம்பொரியை யாரும் தொடவில்லை.
மேலே லாரி போக, பாலம் ஒருதரம் மூச்சு விட்டது.
கிளாசுக்குள் சாயா வட்டம் வட்டமாய் நடுங்கியது.

தட்டை நீட்டினான்.
தரம் பார்க்கச் சொல்லியா கொடுத்தான், தெரியாது.
பழக்கம்.
டியூப் லைட்டுக்கு எதிரே சரித்துப் பிடித்தேன்.
ஓரம் வளையவில்லை. விரல்ரேகை இல்லை.
முதல் பாட்டு, பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது பாட்டின் வளையம் மட்டும்
வெளுத்துச் சாம்பல் பூத்துக் கிடந்தது,
ஊசியை அங்கேயே இறக்கி இறக்கி.
நாலாவது, திரும்பவும் புதுசு.

ஆற்றூர் தாண்டி பஸ் பழுதாகி நின்ற ராத்திரி
அவன் போனில் பாட்டரி சாகும்வரை
ஓடிய பாட்டு அது.

"எப்பிடி இருக்கு?"
"ஒரு எடத்துல தேஞ்சிருக்கு. விலை கொறையும்."
"எவ்வளவு?"
நான் சாயாவைக் குடித்தேன்.

என் தட்டை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
குளச்சலில் ஐஸ் பிளான்டில் கணக்கு எழுதுகிறவன்,
அவனுக்கு அந்தக் கண் கிடையாது.
"கடைசிப் பாட்டு எப்பிடி முடியும்?"
"முடியாது. கடைசி வளையம் மூடின வளையம்.
ஓட்டுல மழை பெய்யுத மாதிரி ஒரு சத்தம்,
அதுவே சுத்திக்கிட்டு இருக்கும்.
நாமதான் எழும்பிப் போய் ஊசிய எடுக்கணும்."
"நீ எடுப்பியா?"
"கரண்டு போவும்."

எர்ணாகுளத்துக்குச் செய்தி எழுதினோம்.
நான் சொல்லச் சொல்ல அவன் போனில் தட்டினான்.
பிரதி எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
உறை நல்ல நிலை. தாளில் ஒரு மடிப்பு.
முதல் பக்கம், மூன்றாம் பாட்டில் தேய்மானம்.
அதற்கு அவன் நிமிரவில்லை.
நாலாம் பக்கம்,
கடைசி வளையத்தில் தேய்மானம்.
விரல் நின்றது.

மேசை துடைக்க வந்த பையன்
"பழம்பொரி ஆறிப் போச்சே, எடுக்கட்டா?" என்றான்.
"இருக்கட்டும்."
ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டோம்.