கார்: எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர்

போன மாரியில் போனை நம்பித்தான் போனோம்.
நனைந்த விரலை அதற்குத் தெரியவில்லை.
உப்புக் காய்ந்த விரலையும் தெரியவில்லை.
சாரத்தில் துடைத்து, தலைமயிரில் துடைத்து,
கடைசியில் மூக்கு நுனியால் தட்டித்
திசை கேட்டால்
யாரோ ஒருத்திக்கு அழைப்பு எடுத்தது.
"ஆர் அது?" என்றாள்.
கடல் இரைந்தது.
வைத்துவிட்டாள்.

அதனால்தான் இந்த ஞாயிறு
பாலமீன்மடுவிலிருந்து காத்தான்குடிக்கு
சுகிர்தனும் நானும், முப்பத்தைந்தாயிரமும்.
அதில் பதினைந்து மெர்சலினின் சீட்டுக் காசு.
அவள் சொன்னது ஒன்றே ஒன்று:
"மிதக்கிறதாப் பாத்து வாங்குங்க.
எப்பிடியும் தண்ணிக்க போடத்தானே போறீங்க."

நிஸ்தார் நானாவின் கண்ணாடிப் பெட்டியில் மூன்று கிடந்தன.
ஒன்று எண்பத்திரண்டாயிரம்.
நிறம் நிறமாய் வரைபடம், தொட்டால் விரியும் திரை.
"தொடுறதெண்டா வேணாம்" என்றான் சுகிர்தன்,
விலையைக் கேட்ட பிறகு
விலையைக் கேட்காதவன் போல.
அடுத்தது இருபத்தேழு. பெயர் இல்லை.
கடைக்குள் இருந்தபடி
தான் ஏறாவூரில் நிற்பதாகச் சொன்னது.
"வெளியில கொண்டுபோனாச் சரியா வரும்" என்றார் நானா.
வெளியில் வந்தோம்.
ஏறாவூரில்தான் நின்றோம்.

மூன்றாவது பழசு.
மஞ்சள் றப்பர் தேய்ந்து, சாம்பல் திரை.
பக்கவாட்டில் ஐந்து பொத்தான்,
அழுத்தினால்
கட்டைவிரலுக்கு மட்டும் கேட்கும் ஒரு டிக்.
தடித்த கையுறைக்காரருக்குச் செய்ததாம்.
வயிற்றில் இரண்டு சின்னப் பற்றரி,
சவுக்காரம் விற்கும் கடையிலும் கிடைக்கும்.
வாளித் தண்ணீரில் போட்டோம்.
மூழ்கி,
கொஞ்சம் யோசித்து,
மேலே வந்தது.

முப்பத்திரண்டு என்றார். இருபத்தொன்பதரைக்கு இறங்கினார்.
"நோர்வேயிலரிந்து வந்த பொடியன் வித்தது மனே.
ஐஸுக்கு மேல நடந்துபோய் மீன் புடிக்கிறவனாம்."
ஐஸுக்கு மேலேயா?
எங்கள் ஐஸ் பெட்டிக்குள்.
மீனுக்குக் கீழே ஒரு படை, மேலே ஒரு படை,
விடியுமுன் உருகி
மீனின் விலையையும் உருக்கிக்கொண்டு போகும்.

இரவு, பாயில் கிடந்து பொத்தானை அழுத்தினேன்.
குறித்த இடங்களை அழிக்காமல் விற்றிருக்கிறான்.
ஆங்கில எழுத்தில் எங்கள் பேச்சு:
ஓட்டை ஒன்று. ஓட்டை இரண்டு.
ஓட்டை மூன்று, ஒண்டுமில்ல.
ஓட்டை ஏழு, நல்லம்.
கடைசியில், கார்.

வெள்ளைக்குள் வெள்ளை.
ஏரி எது, கரை எது,
வந்த காலடியும் மூடிப்போன பிறகு
தன் காரைத் தேடி நிற்கும் ஒருவன்.
முகம் தெரியாது. அந்தப் பயம் தெரியும்.
எனக்கு அது கறுப்புக்குள் கறுப்பு.

முதல் தொழில்.
வெளியேறும்போதே முகத்துவாரத்தைக் குறித்தோம்.
வெளிச்சவீடு சுருங்கிச் சுருங்கிப் போக,
கலவாய் விழுந்த பாரைக் குறித்தோம்.
சுகிர்தனின் விரல் தவறி
'இங்கே போ' என்றது காருக்குப் போனது.
அம்பு ஒருமுறை சுழன்று
சந்தேகமே இல்லாமல் வடமேற்கே நின்றது.
எட்டாயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்.
எங்கள் ஓட்டத்துக்கு இருபத்துமூன்று நாள்.
"மண்ணெண்ணெய் காணாது" என்றான்.

ஓட்டைகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.
ஏழாவதில் கொஞ்சம் தயங்கினேன்.
காரை விட்டுவிட்டேன்.
ஐந்நூறு இடம் கொள்ளும் கருவி,
ஒன்று கிடந்துவிட்டுப் போகட்டும்.

இரவெல்லாம் மேற்கே மழை.
விடியலில், அம்பு பிடித்துத் திரும்பி வந்தால்
மாலையில் குறித்த வாய்
மணலுக்கு மேல் நின்றது.
ஆறு இறங்கி வந்து இடம் மாற்றியிருக்கிறது.
வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது கருவி,
ஒரு சின்ன மணிச் சத்தத்தோடு.

சுகிர்தன் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் குதித்தான்.
இடுப்பளவு தண்ணீர்.
காலால் தடவித் தடவி
வடக்கே நடந்தான், பிறகு இன்னும் வடக்கே.
நான் பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடி
அவன் "இஞ்ச" என்று கத்துவதற்குக் காத்திருந்தேன்.