காலி வண்டியின் எடை

முப்பத்தொன்பது வருடம்
தானியக் கிடங்கின் எடைமேடையில் நின்றவன் நான்.
லாரி ஏறும், முள் நிற்கும், எழுதிக்கொள்வேன்.
கொட்டிவிட்டுத் திரும்புகையில் இன்னொரு தடவை ஏறும்.
முதல் எண்ணில் இரண்டாம் எண்ணைக் கழித்தால்
மிஞ்சுவது மக்காச்சோளம்.
எனக்குத் தெரிந்த இறையியல் இவ்வளவுதான்.
என்றாலும் வட்டாரப் பேரவையின் ஊழியக் குழுவில்
என்னையும் போட்டார்கள்.
வயல்பக்கத்து ஆள் ஒருவர் வேண்டுமாம்.

பிப்ரவரி. ஒஹாயோவின் வடமேற்கு மூலை.
ஆலயத்தின் கீழ்த்தளத்தில் ஐந்து பேர்,
ஒரு காபிக் குடுவை, பதினோரு பக்கப் படிவம்.
எதிரே நொயெமி கார்ஸா.
தக்காளித் தொழிற்சாலைக்குப் பக்கத்தில்
மூடிப்போன செருப்புக் கடையில் கூடுகிற
ஸ்பானியச் சபையின் போதகர்.
இன்னும் போதகர் இல்லை, அதற்குத்தானே இந்தக் கூட்டம்
என்று திருத்தினார் லவான் ருப்.
அவள் தலையாட்டினாள்.
நான்கு வருடமாக அங்கே
அவள்தான் பிரசங்கம், அவள்தான் அடக்க ஆராதனை,
கழிவறைக் குழாய் ஒழுகினாலும் அவள்தான்.

எங்கள் முன்னோர் சீட்டுப் போட்டார்கள்.
வரிசையாகப் பாட்டுப் புத்தகங்கள்,
ஒன்றுக்குள் மட்டும் துண்டுக் காகிதம்.
என் அப்பாவின் பெரியப்பா எடுத்த புத்தகத்தில்
அது இருந்தது.
வீட்டுக்கு வந்தவர் மாட்டுத் தொழுவத்துக்குள் போய் அழுதாராம்.
இப்போது படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

கேட்டோம்:
போர் வந்தால் சபைக்கு என்ன சொல்வீர்கள்,
ஞானஸ்நானம் எந்த வயதில்,
போலீஸ் நற்சான்று எங்கே,
இறையியல் பள்ளியில் இன்னும் எத்தனை பாடம் பாக்கி.
எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.
பாரம் ஏற்றிய லாரி மாதிரி
நிதானமாக ஏறினாள். முள் நின்றது.

குழுவில் வாயே திறக்காத வெர்னா ஸ்டக்கி
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"உனக்காக ஜெபிக்க யார் இருக்கிறார்கள்?"

ஹீட்டர் ஒரு தடவை முனகியது.
விரல் விட்டு எண்ணப் பார்த்தாள் நொயெமி.
ஒரு விரலும் மடங்கவில்லை.
"ராத்திரி ஷிப்டில் ரொட்டி அடுப்பு இருக்கிறது," என்றாள்.
"அதன் முன்னால் நிற்கும்போது
யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை."

சிரித்தோம்.
சிரித்தது தப்பு.

அவளை மேலே அனுப்பிவிட்டுப் பேசினோம்.
இரண்டு வருடத்துக்கு லைசென்ஸ், ஒருமனதாக.
சத்தியம் செய்யாத ஜனம் நாங்கள்,
ஆனாலும் காகிதத்தில் முத்திரை குத்தினோம்.
எனக்கு மட்டும் கணக்கு உதைத்தது.
ஏற்றி வந்ததை எடை போட்டாயிற்று.
கொட்டின பிறகு அவளை யார் மேடையில் ஏற்றுவது?
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு
அந்த வண்டி எவ்வளவு?

கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு:
துணை நிற்பவர், மாதம் ஒரு சந்திப்பு.
ஓய்வுபெற்ற போதகர் யாரையாவது போடுவது வழக்கம்.
லவான் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே
என் பெயரை எழுதினேன், மார்லின் நாஃப்ஸிகர்.
"நீ என்ன சொல்லித் தருவாய்?"
"ஒன்றும் இல்லை."

முதல் வியாழன், நெடுஞ்சாலை உணவகம்.
வேலை முடிந்து நேரே வந்திருந்தாள்,
முழங்கை வரை மாவு.
செர்ரி பை இரண்டு சொன்னேன்.
சபைப் பையன் ஒருவனின் அப்பாவைக்
குடியேற்ற அதிகாரிகள் கூட்டிப்போனதைப் பற்றி
பாதி வாக்கியம் சொன்னாள்.
மீதியைச் சொல்லாமல், முள்கரண்டி கையில் இருக்க,
அப்படியே தூங்கிவிட்டாள்.

தட்டெடுக்க வந்த பெண்ணைக் கைகாட்டி நிறுத்தினேன்.
வெளியே பனி பாதி உருகி
வயல் கறுப்பும் வெள்ளையுமாய்க் கிடந்தது.
நான் ஜெபித்தேனா? தெரியாது.
காபி ஆறியது. மணி பார்த்தேன்.

பேரவை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.
'பேசிய பொருள்' என்று ஒரு கட்டம்.
தூங்கினார், நாற்பத்திரண்டு நிமிடம்
என்று நிரப்பினேன்.

லவான் போன் செய்தார், இது போதாது என்றார்.
போதாதுதான்.
அடுத்த மாதத்துக்கு
மூலை மேசையைச் சொல்லிவைத்திருக்கிறேன்.
அங்கே வெளிச்சம் குறைவு.