நின்றவை

காலை ஆறிலிருந்து எண்ணுகிறேன்.
நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு.
துருக்கிப் பக்கமிருந்து வரும் லாரிக்கு ஒரு பத்தி,
பாகுவுக்குப் போகும் டேங்கருக்கு ஒன்று,
கார், பேருந்து.
மாடு ஓட்டிப்போகும் பையனின் சைக்கிள் ‘இதர’வில்.
கடைசிப் பத்தி மட்டும் நான் கேட்டு வாங்கிச் சேர்த்தது:
நின்றவை.

ஸெக்வாரி ஊருக்குள் நெடுஞ்சாலை
தொண்டையில் தைத்த மீன்முள்.
இரு ஓரமும் முப்பத்தோரு ரொட்டி அடுப்புகள்.
மண்ணடுப்பின் வாய்க்குள் இடுப்புவரை கவிழ்ந்து
உட்சுவரில் மாவை அறைகிறாள் ஜுஜுனா.
நிமிர்கையில் பாதிப் புருவம்தான் மிச்சம்.
கிராம்பும் உலர்திராட்சையும் வேகும் வாசனைக்கு
நாற்பது டன் பிரேக் போடுகிறது.
எங்கள் நாட்டுக் காசின் பெயரும் லாரிதான்.
லாரி நின்றால் லாரி.

கேள்வித்தாள், பதினேழாம் வீடு.
இரவில் சத்தம் தொந்தரவு தருகிறதா?
சுவரைக் காட்டினாள்.
உத்தரத்திலிருந்து ஜன்னலுக்கு இறங்கும் விரிசல்;
அது வந்து நின்ற இடங்களில் எல்லாம்
பென்சிலால் தேதி.
புறவழிச்சாலை வேண்டுமா?
“என்னை ஏன் கேட்கிறாய்? மல்காஸைக் கேள்.”

மல்காஸின் மகள் போன மார்ச்சில்
பால் வாங்கச் சாலையைக் கடந்தாள்.
அவனும் ரொட்டிதான் விற்கிறான்,
அதே சாலையில், அதே லாரிகளுக்கு.
‘வேண்டும்’ என்று எழுதச் சொன்னான்.
எழுதினேன்.
படியிறங்கியவளைக் கூப்பிட்டுக் கேட்டான்:
“கட்டி முடிக்க எத்தனை வருஷம்?”
ஐந்தாகலாம் என்றேன்.
விரல் மடக்கினான்.
“கடன் நாலில் தீர்ந்துவிடும்.”

வரைபடத்தில் புதுச்சாலை பச்சைக் கோடு,
ஊருக்குத் தெற்கே ஈரப்புல்வெளியின் குறுக்கே.
அங்கே இரவு வேலை எனக்கும் டோர்னிக்கேவுக்கும்.
கானாங்கோழியைக் கண்ணால் எண்ண முடியாது.
சீப்பின் பல்லில் நகத்தை இழுத்த குரல்,
அதைத்தான் எண்ணவேண்டும்.
ஐந்து, ஆறு என்று வரும்போது
தூரத்தில் மேடேறும் லாரி எல்லாவற்றையும் விழுங்கும்.
மறுபடி ஒன்றிலிருந்து.
விடிவதற்குள் எட்டு என்று எழுதினோம்.
அவன் ஒன்பது என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டு அறையில்,
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே திரை கட்டி.
பயணத்தில் ஒன்பது நிமிடம் மிச்சம் என்றார் பொறியாளர்.
“அந்த ஒன்பது நிமிடத்தை எங்கே போய்ச் செலவழிப்பார்கள்?”
பின்வரிசையில் யாரோ.
எல்லோரும் சிரித்தோம், பொறியாளரும்.
பிறகு தணிப்பு நடவடிக்கைகள்.
பறவைகளுக்கு மாற்று வாழிடம்.
பாதிக்கப்படும் பெண்களுக்குத் தையல் பயிற்சி.
ஜுஜுனா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்,
முழங்கைவரை தழும்பேறிய கைகள்.
ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கண்ணாடி வேண்டும்.
அறிக்கையில் அதை எந்தத் தலைப்பில் போடுவது என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே
கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

நான்காம் நாள் மாலை கூட்டிப் பார்த்தேன்.
நின்றவை: நானூற்றுப் பன்னிரண்டு.
அலுவலகக் கார் தினமும் மதியம்
அவள் அடுப்பெதிரே நின்றது நினைவுக்கு வந்தது.
பசி. அதையும் கோடாக்கியிருக்கிறேன்.
தேடிப் பிடித்து நான்கையும் அடித்தேன்.

“என்ன அடிக்கிறாய்?”
“என்னை.”
அவள் குனிந்து தாளைப் பார்த்தாள்,
கோடுகளை, அடித்தல்களை, கீழே கூட்டுத்தொகையை.
ஒரு ரொட்டியைக் கொக்கியால் பெயர்த்துத்
தாளில் சுற்றி என் பக்கம் தள்ளினாள்.
காசை எடுத்தேன்.
“வை உள்ளே.
கணக்கில் இல்லாதவளிடம் வாங்குவதில்லை.”

விரலெல்லாம் சூடும் பிசுக்கும்.
பின்னால் காற்று பிரேக் சீறியது.
பென்சிலைக் காணோம்.