நிலவியல் அறிமுகம், சனிக்கிழமை

கல்லூரி நிறுத்தத்தில் இறங்கும் கூட்டத்தில்
சீருடையோடு இறங்குவது நாங்கள் நாலு பேர்.
கண்டக்டர் வாராவாரம் கேட்கிறார்:
"பள்ளிக்கூடம் தாண்டிருச்சே, தூங்கிட்டீங்களா?"

பதினொன்றாம் வகுப்பிலேயே
கல்லூரியின் முதல் பாடத்தைப் படிக்கலாமாம்.
பன்னிரண்டு சனிக்கிழமை. கட்டணமில்லை.
தேறினால் இரண்டு கிரெடிட்,
இங்கேயே வந்து சேர்ந்தால்
கணக்கில் வைத்துக்கொள்வார்களாம்.
சேராவிட்டால்?
அந்தக் கட்டம் விண்ணப்பத்தில் இல்லை.

உளவியலுக்குக் கூட்டம் நெரிந்தது.
கணினிக்குக் குலுக்கல் போட்டார்கள்.
நிலவியலுக்கு ஏழே பேர்,
அதில் மூவர் குலுக்கலில் தோற்றவர்கள்.
நான் மட்டும் பேரைப் பார்த்து எழுதினேன்.
நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது
எங்கள் வீட்டில் சோற்றுப் பிரச்சினை.

அப்பா ரிக் வண்டியில் டிரில்லர்.
ராய்ப்பூருக்கும் அந்தப் பக்கம்
எனக்கு வாயில் நுழையாத ஊர் ஒன்றில்
துளைத்துக்கொண்டிருக்கிறார்.
திருச்செங்கோட்டில் எங்கள் தெருவின் பாதிச் சுவர்கள்
வேறு மாநிலத்துப் பாறைத் தூசியில் எழும்பியவை.

இங்கே மணி அடிப்பதில்லை.
எழுந்து வணக்கம் சொல்ல வேண்டியதில்லை.
உட்கார்ந்தே கேளுங்கள் என்றார் ஜெசிந்தா மேடம்.
எனக்கு உட்கார்ந்து கேட்கத் தெரியவில்லை.
இரண்டு வாரம்
பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து,
கேள்வியை விழுங்கினேன்.
மௌனிகா என்று சும்மாவா வைத்தார்கள் என்றான் ஹாரூன்.

மூன்றாம் வாரம் கையில் ஒரு கல்லைக் கொடுத்து
"பேர் வேண்டாம், என்ன தெரியுது சொல்" என்றார்.
பள்ளிக்கூடத்தில் யாரும்
பேர் வேண்டாம் என்று சொன்னதில்லை.
கறுப்பு. ஒரு வெள்ளை வரி. மறுபடி கறுப்பு.
"அடுக்கடுக்கா இருக்குங்க மேடம், பரோட்டா மாதிரி."
சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.
பலகையில் பரோட்டா என்றே எழுதி
பக்கத்தில் நைஸ் என்று எழுதினார்.
மாவு பதம் இல்லை, அந்தப் பாறைக்குப் பேரே அதுதான்.

புதன் இரவு போன் வந்தது, கம்ப்ரசர் இரைச்சலோடு.
எப்போதும் சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்போம்.
அன்று நான் கேட்டேன்:
"தூசி என்ன கலர்ல வருதுங்கப்பா?"
இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு,
"செம்மண் அறுபதடி. கேசிங் எறக்கியாச்சு.
அப்பறம் கறுப்பு, கறுப்புக்குள்ள வெள்ளை."
"அது நைஸுங்கப்பா."
"எங்க அம்மிணி நைஸு, பிட்டையே திங்குது.
எண்ணூறு அடி, வெறும் தூசி.
பக்கத்துக் காட்டுல நானூத்தி இருவதுல தண்ணி.
இந்தக் காட்டுக்காரன்
அடுத்த பைப்பப் போடறதா வேண்டாமான்னு
என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறான்.
உங்க மேடத்தக் கேளு, ஏன்னு."

வகுப்பு சனிக்கிழமைதான்.
வியாழன் காலையிலேயே ரிக் நகர்ந்துவிட்டது.

ஆனாலும் கேட்டேன்.
உட்கார்ந்தே கேட்டேன், பிறகுதான் கவனித்தேன்.
மேடம் பலகையைத் துடைத்தார்.
இரண்டு துளைகள் போட்டார்,
பாறைக்குள் செங்குத்தாய் ஒரு வெடிப்பு.
ஒரு துளையை நானூற்று இருபதில் உரசிவிட்டு
மற்றதைத் தொடாமலே
ஆழத்துக்குப் போனது அந்தக் கோடு.
"நூறடி மேற்கே போட்டிருந்தா வந்திருக்குங்களா?"
"இருக்கலாம்" என்றார்.
இருக்கலாம் என்று விடை எழுதினால்
எங்கள் பள்ளியில் அரை மதிப்பெண்கூட வராது.
"எங்கே வெடித்திருக்கும் என்று
மேலிருந்தே பார்க்கிற வழி உண்டு.
அது இரண்டாம் ஆண்டுப் பாடம்."

இரண்டாம் ஆண்டு.
விண்ணப்பத்தில் இல்லாத கட்டம்
நினைவுக்கு வந்தது.

பலகையைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.
ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது, அங்கே டவர் இல்லை.
நோட்டில் அந்தக் கோட்டின் ஓரம்
நூறடி, மேற்கே என்று எழுதினேன்.
யாருக்கு என்று எழுதவில்லை.
பஸ்ஸில் ஹாரூன் தூங்கிவிட்டான்.
பள்ளிக்கூடம் தாண்டியது.