பொந்துக்கு என்ன விலை

மூலனூருக்குத் தெற்கே
ஏழு ஏக்கர் கொறங்காடு.
கிளுவை வேலி, ஒரு படல்,
கொழுக்கட்டைப் புல் கருகிப்போன சித்திரை.
நான் சோலார் கம்பெனியின் அளவுக்காரன்.
கையில் டேப், தோளில் முக்காலி,
குதிகாலில் புதுச் செருப்பின் கடி.

வெள்வேலா முப்பத்தொன்று.
உயரம், சுற்றளவு, மதிப்பு.
இடி விழுந்து தலை போன பனை ஒன்று.
மதிப்பு: இல்லை.

அதன் உச்சியில் ஏதோ இருந்தது.
மண்ணாங்கட்டி என்று நினைத்தேன்.
பழுப்பு, கொஞ்சம் சாம்பல்,
கொடியில் மாசக்கணக்காய் மறந்துபோன துண்டின் நிறம்.
முக்காலியை ஊன்றிய சத்தத்துக்கு
அது எழுந்தது.

நீலம்.

ஒரு நீலமில்லை, இரண்டு.
ஒன்று, அமராவதி வாய்க்காலில்
தண்ணீர் விட்ட மறுநாள்.
இன்னொன்று, ஐந்தாம் வகுப்பில்
என் சட்டைப் பையில் கசிந்த மை.
மேலே போய், இன்னும் மேலே போய்,
இடமும் வலமுமாய்ப் புரண்டு விழுந்தது
பிடி விட்டவன் போல.
பாட்டு ஒன்றுமில்லை.
துருப்பிடித்த கீலை ஆட்டுகிற சத்தம்தான்.
பிறகு வெட்டுக்கிளியோடு வந்து
பனையின் பொந்துக்குள் நுழைந்தது.

"பனங்காடைங்க" என்றாள் கருணாம்பாள்.
பட்டா அவள் பேரில்.
"உக்காந்திருந்தா ஒண்ணுமே இல்லைங்க.
எந்திரிச்சாத்தான்."
மாட்டில் பாதியை விற்றாகிவிட்டது,
குத்தகைப் பணம் எப்போது வரும் என்று
மூன்றாம் தடவையாகக் கேட்டாள்.
படலைச் சாத்தப் போனவள் திரும்பி,
"மரத்துக்கெல்லாம் ரேட்டுப் போட்டீங்க.
பொந்துக்கு எவ்வளவுங்க?"
சிரித்தாளா என்று தெரியவில்லை,
வெயில் முகத்துக்கு நேராக இருந்தது.

படிவத்தில் கடைசிக் கட்டம்:
மாலை நான்கு மணிக்கு நிழலின் நீளம்.
இருபது அடிக்கு மேல் போனால்
மரத்தை எடுத்துவிட வேண்டும்,
பலகைகளின் மேல் இருட்டு விழக்கூடாது.

டேப்பை விரித்துக்கொண்டே போனேன்.
நாற்பத்திரண்டு.
நுனியில் ஒரு கைப்பிடி கூடியது.
பறவை வந்து உட்கார்ந்திருக்கிறது.
அண்ணாந்து பார்க்காமலே தெரிந்தது.
நிழலில் நீலம் இல்லை.
குறைந்தது. மறுபடி கூடியது.
எதை எழுதுவது,
அது இருக்கும்போதா, இல்லாதபோதா?

பதினெட்டு என்று எழுதினேன்.

கம்பெனி எஞ்சினியர் மறு அளவு எடுப்பார்.
எடுக்கட்டும்.
கோயமுத்தூரிலிருந்து அவர் கிளம்பி வர
எப்படியும் ஆனி ஆகிவிடும்.