நூற்றெண்பதாம் பக்கம்

படகோட்டி ஒருவன்
ஐந்து நிமிடம் முன்னதாகவே கயிற்றை அவிழ்த்துவிடுகிறான்.
மீதி நானூறு பக்கமும்
அந்த ஐந்து நிமிடத்தையே அசைபோடுகிறான்.

தேர்வில் கேள்வி:
அவன் ஏன் திரும்பிப் போகவில்லை?

கோழை என்று எழுதினேன்.
துடுப்பு கையில், ஆறு எதிரில்,
எட்டிப் பார்த்தால் கரை,
இதில் என்ன நாற்பது வருடப் புலம்பல் என்றேன்.
பேராசிரியர் கேத்தவன்
அந்த வரியைச் சிவப்பில் வட்டமிட்டு
‘பலே’ என்று எழுதியிருந்தார்.

குத்தாயிசியில் பிப்ரவரி.
விடுதி ஜன்னலுக்குக் கீழே
ரியோனி ஆறு சேறும் பனியுமாய்ப் போகிறது.
பக்கத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடக்கிறது.
உதவித்தொகை வரவில்லையென்று
படிப்பை விட்டுப் போய்விட்டாள் தெக்லே.
வேனில் ஏற்றிவிட்டது நான்தான்.
வழிக்கு ரொட்டி வாங்கித் தந்ததும் நான்தான்.

வந்திருந்தது.
அக்டோபரில், நீல உறையில்.
கையெழுத்திட்டு ஏழு நாளில் அனுப்பவேண்டும்.
அன்று எங்களுக்குள் பேச்சில்லை,
ஏதோ கெட்டில், ஏதோ ஒரு சொல்.
நாளைக்குக் கொடுக்கலாம் என்று
படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் செருகினேன்.
கரையிலிருந்து வரும் கூப்பாட்டை அவன்
பறவை என்று நினைத்துக்கொள்ளும் பக்கம்.
அதற்குப் பிறகு
நூற்றெண்பதை மட்டும் தாண்டித் தாண்டிப் படித்தேன்.

இன்று நூலகத்தில் கடைசித் தவணை.
அம்ப்ரோலாவுரிக்கு இரண்டு மணிக்கு வண்டி.
பன்னிரண்டு லாரி.
பையில் பதினைந்து இருக்கிறது.

மேசையில் நோனா கை நீட்டினாள்.
“முடித்துவிட்டாயா?”

இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்றேன்.