நலமறிய ஆவல்

லவான் கிறிஸ்டென்சனை வேலையை விட்டு நீக்கிய கடிதத்தில்
என் கையெழுத்து இருக்கிறது.
நான்கு வருஷத்துக்கு முந்தைய அக்டோபர்,
ட்வின் ஃபால்ஸில் ஒரு பாலாடைக்கட்டி ஆலை,
மாடியில் மனிதவளப் பிரிவு, ஜன்னலோர மேசை.
பதினோரு பேருக்கும் ஒரே வாசகம்:
தடுப்பூசிச் சான்று தராத காரணத்தால்.
பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போனேன்.

அவள் ஒருத்திதான் மாடியேறி வந்தாள்.
கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி
என் ஸ்டேப்ளர் மேல் வைத்தாள்.
"இருபத்திரண்டு வருஷம்."
அவ்வளவுதான் சொன்னது.
முழங்கால் வலிக்காரி,
இறங்கும்போது ஒன்றுவிட்டு ஒரு படி
கனமாகக் கேட்டது.

அதே வாரம் இக்னாசியோ உருட்டியா
ஒரு கூடை ஆப்பிளோடு வந்தான்.
அவன் வயிற்றுக்குள் இருப்பது அக்காள் கொடுத்த சிறுநீரகம்;
ஒரு தும்மல் போதும் அதற்கு.
"நன்றி" என்றான், ஏதோ நானே சட்டம் போட்டது போல.
வாங்கிக்கொண்டேன்.
மூன்று தின்றேன். மீதி அழுகியது.

இந்த வருஷம் பாய்சியில் காற்று திரும்பிற்று.
வேலைக்கு ஊசியை நிபந்தனையாக்கக் கூடாது,
அரசும் கூடாது, ஆலையும் கூடாது.
வக்கீல் அனுப்பிய நாலு பக்கத்தின் ஓரத்தில்
பென்சிலால் ஒரு வரி:
கேட்பதையே விட்டுவிடுங்கள், வம்பில்லை.

படிவத்தின் ஏழாவது கேள்வியை அழித்தேன்.
எட்டாவது மேலே ஏறி ஏழாயிற்று,
பேருந்தில் ஒருவர் எழுந்ததும்
அடுத்தவர் நகர்ந்து உட்காருவது போல,
சூடு ஆறுவதற்குள்.

நலம், நலமறிய ஆவல் என்று
கடிதம் தொடங்கப் பழகிய கை இது.
ஆவலை யாரும் தடுக்கவில்லை.
அறிவதுதான் இனி எங்கள் வேலையில்லை.

மாலையில் பெரின் பாலத்தில் காரை நிறுத்தினேன்.
இங்கே குதிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.
ஒரு பையன் கைப்பிடிமேல் ஏறி நின்றான்,
முதுகில் மடித்த பாராசூட்.
கீழே நதியில் ஒரு படகு
போய்க்கொண்டிருந்தது, மேலே பார்க்காமல்.
அவன் குதித்தான். குடை விரிந்தது.
கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன்,
கையில் சாவி இருந்தது.

ஜூலையில் லவான் திரும்பி வந்தாள்.
மறுநியமனக் கடிதத்திலும் நான்தான்:
மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.
மகிழ்ச்சி யாருடையது என்று வார்ப்பில் இல்லை.
கையில்லாத சட்டை போட்டிருந்தாள்.
இடது தோளுக்குக் கீழே வட்டமாய்ப் பள்ளம்,
அம்மை குத்திய தழும்பு.
எனக்கும் அதே இடத்தில், அதே காசளவு.
எங்கள் இருவரையும் அன்று யாரும் கேட்கவில்லை;
அழுதிருப்போம், மிட்டாய் கொடுத்திருப்பார்கள்.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
ஏழாவது கேள்வி போலிருந்தது. விட்டுவிட்டேன்.

இக்னாசியோ காலையிலேயே வந்து போயிருந்தான்.
"லைனில் எனக்கு அடுத்து நிற்பது யார்?
போட்டவரா, போடாதவரா?"
தெரியாது என்றேன்.
பொய்யில்லை. தெரியாமலிருக்கத்தான் அழித்தேன்.
குளிர்கிடங்குக்கு மாற்றித் தரச் சொன்னான்.
நாலு டிகிரி, தனி ஆள், மணிக்கு ஐம்பது சென்ட் குறைவு.
மாற்றிக் கொடுத்தேன்.
கூடை எதுவும் இல்லை இந்தத் தடவை.

லவான் கையெழுத்திட்டாள்.
பழைய அட்டையை இழுப்பறையில் நான் வைத்திருந்ததைக் கண்டு
கொஞ்சம் சிரித்தாள்.
பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்:
"இக்னாசியோவுக்கு அந்தச் சிறுநீரகம்
ஒழுங்காக இருக்கிறதா?"

அடுத்தவர் உடம்பைப் பற்றி
நான் வாய் திறக்கக் கூடாது. அது வேறொரு சட்டம், பழையது.
அவனிடமே கேள் என்றேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன்,
முற்றத்தைக் கடந்து போனாள், அதே முழங்கால்.
கிடங்கின் இரும்புக் கதவில்
தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி.
அவள் அதைத் தட்டினாள்.
உள்ளே பனிப்புகையில் ஒரு முகம் வந்தது.
கதவைத் திறக்கவில்லை அவன். அவளும் திறக்கச் சொல்லவில்லை.
வாயசைவு மட்டும் தெரிந்தது,
அவள் கேட்பது, பிறகு
அவன் கையால் கண்ணாடியைத் துடைப்பது.